மூடியில் எழுதியவள்

ஆட்டோகிளேவின் மூடியை இறக்கி, திருகுகளை எதிரெதிராக முறுக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டு முக்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் லிங்கக்கனிக்கு அந்த நினைப்பு வந்தது. உள்ளே வைத்தது எதை? நினைப்பு என்று சொல்வதுகூட அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறியபின் வயிற்றில் ஒரு சின்ன இடறல் வருமே, கேஸை அணைத்தோமா இல்லையா என்று, அந்த மாதிரி ஒன்று. அவள் அதை முதலில் மதிக்கவில்லை. சனிக்கிழமை மதியம், வகுப்புகள் இல்லை, வராந்தாவில் ஒரு காலடி கிடையாது; நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அவளும் இந்தப் பெரிய இட்லிப் பானையும்தான். ஆட்டோகிளேவ் என்று வாய் நிறையச் சொன்னாலும் விஷயம் இட்லிப் பானைதானே. அடியில் தண்ணீர், நடுவில் கூடை, மேலே இறுக்கின மூடி. தண்ணீர் கொதித்து, ஆவி முட்டி, அழுத்தம் காட்டுகிற முள் ஏறி நின்றால் உள்ளே எந்த உயிரும் மிஞ்சாது. வளர்த்துப் பார்த்த கிருமிகளை அப்படியே குப்பையில் கொட்டக்கூடாது, அவித்துக் கொன்றுவிட்டுத்தான் கொட்டவேண்டும் என்பது இங்கே சட்டம். அதன்படி, மூடியில் ‘வீடு’ என்று எழுதியிருந்த மூன்று கண்ணாடி பிளேட்டுகளை செய்தித்தாளில் சுற்றிக் கூடையில் வைத்தாள். ‘தேரி’ என்று எழுதியிருந்த மூன்றை, கிருமியை இளஞ்சூட்டில் வளர்க்கிற இன்குபேட்டருக்குள் திருப்பி வைத்தாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? படிக்கத் தெரியாதா அவளுக்கு? வீடு என்றால் வீடு, தேரி என்றால் தேரி. மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தானே எடுத்தாள். மூடியில். அந்த ஒரு சொல்லில் வந்து மனசு பொத்தென்று உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் மூடியில் எழுதக்கூடாது. அடியில்தான் எழுதவேண்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலாண்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பிளேட்டைக் கவிழ்த்துக் காட்டி, தொண்டை வறள அவள் சொல்கிற முதல் பாடமே அதுதான். கிருமி வளருவது அடித்தட்டில், மூடி வெறும் தொப்பி, தொப்பி யார் தலைக்கும் மாறும், ஆகையால் பெயரைத் தலையில் எழுதுங்கள், தொப்பியில் எழுதாதீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அப்படிச் சொன்ன மகராசி இந்த வாரத் தொடக்கத்தில் மார்க்கரை எடுத்து, கூச்சத்தோடு, யாரும் வந்துவிடுவார்களோ என்று கதவைப் பார்த்துக்கொண்டே, மூடியில் எழுதினாள். கூச்சம் எதற்கென்றால், சொந்த வீட்டுக் குளியலறை வாளியின் அழுக்கைப் பஞ்சில் தொட்டு ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்து விதைப்பது யாருக்கும் பெருமையான காரியம் இல்லை. யாராவது என்னம்மா இது என்று கேட்டால் மூடியைச் சட்டென்று மாற்றிவிடலாம் என்று ஒரு திருட்டு யோசனை. பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும் என்று தேரிக் கிருமியையும் அதே நாளில் விதைத்து அதிலும் மூடியிலேயே எழுதினாள். ஆறு பிளேட்டு, ஆறு மூடி, எல்லாம் ஒரே அளவு, ஒரே பழைய கண்ணாடி, எதிலும் ஒரு கீறல் வித்தியாசம் இல்லை. இன்றைக்குப் பார்த்தால் ஆறிலும் ரோஸ். பல்பொடி ரோஸ்.

பிறகு என்ன செய்தாள்? இதை வரிசையாக நினைத்துப் பார்க்கவேண்டும். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். வீட்டுப் பிளேட்டு ஒன்றின் மூடியைத் திறந்து மேசையில் வைத்தாள். தேரிப் பிளேட்டு ஒன்றின் மூடியையும் திறந்து வைத்தாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள். அப்போது போன் அடித்தது. இல்லை, போன் அடித்தபோது நான்கு மூடிகள் திறந்திருந்தன. இல்லை, ஆறும். மூன்று மூன்றாக அடுக்கிவைத்து எல்லாவற்றையும் திறந்துதானே பார்த்தாள், ஓரம் எப்படி இருக்கிறது, பளபளப்பு எப்படி என்று. ஸ்கிரீனில் அவளுடைய கைடு ஆசீர் சார் பெயர். இடது கையால் போனை எடுத்து, வலது கையால் மூடிகளைப் போட்டாள். எந்தப் பக்கத்திலிருந்து? ஜன்னல் பக்கமிருந்து என்றால் சரியாகப் போட்டிருப்பாள். கதவுப் பக்கமிருந்து என்றால்? பிளேட்டுகள் இடம் மாறாமலா இருந்தன? வெளிச்சத்துக்குத் தூக்கினவற்றைத் திரும்ப அதே இடத்தில்தான் வைத்தாளா? கை செய்தது, கண் பார்க்கவில்லை. கண் ஸ்கிரீனில் இருந்தது. காது சாரிடம் இருந்தது. அந்த நேரத்துக் கையை இப்போது வந்து கேட்டால் கை என்ன சொல்லும்? மடியில் கிடந்த கையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோதிர விரலில் மார்க்கர் கறை. ஆட்டோகிளேவுக்குள் தண்ணீர் லேசாக முனக ஆரம்பித்திருந்தது.

“கனிம்மா, பேக் பண்ணியாச்சா?” என்று அந்தப் போனில் கேட்டிருந்தார் சார். எப்போதும் இல்லாத ஒரு துள்ளல் குரலில்.

“பண்ணிக்கிட்டே இருக்கேன் சார்.”

“கூரியர்காரன் சாயங்காலம் வாரானாம். இங்க தம்பி அமெரிக்காவுலேருந்து பேசினான். நம்ம குடும்பத்துப் பேர்ல ஒரு கிருமியாண்ணேன்னு சிரிக்கான். நான் சொன்னேன், சிரிக்காதடே, அது நம்மள மாதிரி இல்ல, அடிச்சாலும் சாகாதுன்னு.”

அதற்கு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூடிகளைப் போட்டாள். சாரின் ஓய்வு இந்த மாதக் கடைசியில். புதுக் கிருமிகளைப் பதிந்துவைக்கிற வங்கிக்கு இன்று கூரியரில் அனுப்பிவிட்டு, பிரிவு விழாவில் சொல்வதாக ஏற்பாடு: தேரி மண்ணில் கண்டெடுத்த புதிய பாக்டீரியா ஒன்றுக்கு, ஆசீர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டி, அவருடைய பெயரே. யோசனை அவளுடையதுதான். சார் முதலில் சேச்சே என்றார். ஒரு வாரம் சேச்சே என்றார். அப்புறம் ஒருநாள் அறைக்குள் தனியாக உட்கார்ந்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று வந்து நின்றவளை ஊரில் அத்தனை பேராசிரியர்களும் உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்பியபோது, நாளைலேருந்து வந்துரு என்று சொன்ன மனுஷன். அந்த மனுஷனின் பெயரைக் கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் வாளியின் விளிம்பில் ஒட்டிவிட்டோமா? நினைத்தால் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியாமல் மூக்கில் வந்து முட்டியது.

தேரி என்றால் சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, கடலுக்கு இந்தப் பக்கம், கண்ணுக்கெட்டுகிற மட்டும் குங்குமத்தைக் கொட்டினமாதிரி கிடக்கிற செம்மணல் மேடுகள். தமிழ்நாட்டில் பாலை இல்லை என்கிறவர்களைச் சித்திரை மாத உச்சிவெயிலில் அங்கே செருப்பில்லாமல் நிறுத்தவேண்டும். அந்த மணலில் உயிர் இருக்கும் என்று யார் சொல்வார்கள்? இருக்கிறது. ஈரமே இல்லாமல் காய்ந்து காய்ந்து, உள்ளே இருக்கிற மரபு இழை துண்டு துண்டாக நொறுங்கிப்போய், என்றைக்கோ நாலு துளி விழுந்ததும் அத்தனை துண்டுகளையும் எடுத்து எது எதன் பக்கத்தில் இருந்தது என்று சரியாகக் கோத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிற ஒரு ஜென்மம். வெயிலில் நொறுங்கிப் பழகினதால் கதிர்வீச்சில் நொறுங்கினாலும் அதற்குக் கவலை இல்லை. மனுஷனைக் கொல்லுகிற அளவைப் போல ஆயிரம் மடங்கு காமாக் கதிரைக் கொடுத்தார்கள், மெள்ள எழுந்து வந்து ரோஸ் கலரில் சிரித்தது. அவசரக்காரர்கள் அதைக் காணமாட்டார்கள். ஒன்றும் முளைக்கவில்லை என்று இரண்டாம் நாளே பிளேட்டைக் கழுவிவிடுவார்கள். லிங்கக்கனி கழுவவில்லை. காத்திருந்தாள். அது மட்டும்தான் அவள் சாமர்த்தியம், அவளே சொல்வாள். நொறுங்கின துண்டுகளை அது வரிசையாகக் கோத்துவிடுகிறது. மூடி திறந்தது, தூக்கினது, போன் அடித்தது, மூடி போட்டது, நாலே துண்டு, அதை வரிசையாக வைக்க அவளால் முடியவில்லை. கண்ணால் பார்க்க முடியாத பிராணிக்கு இருக்கிற ஞாபகம் எம்.எஸ்ஸி., எம்.ஃபில். படித்தவளுக்கு இல்லை.

சரி, மாறிப் போட்டிருந்தால்தான் என்ன, இன்னொரு தடவை தேரிக்குப் போய் மண் எடுத்தால் ஆச்சு. ஆகாது. அந்த ரோஸ் ஒரே ஒரு குழியில்தான் கிடைத்தது, அவள் கணவன் பால்துரையின் அக்கா வீட்டு முந்திரிக்காட்டைத் தாண்டி ஒரு மேட்டில். மூன்று கோடை அலைந்தும் வேறெங்கும் அகப்படவில்லை. போன வருஷம் அந்த மேட்டை மிஷின் வைத்துச் சமமாக்கி, கப்பிக்கல் பரப்பி, சூரிய மின்சாரத்துக்குக் கண்ணாடிப் பலகைகளை வரிசையாக நட்டுவிட்டார்கள். முள்வேலி, வாட்ச்மேன், உள்ளே போகக்கூடாது. போனாலும் அங்கே அந்த மேடு இல்லை. பிற்காலத்துக்கென்று ஆழ்குளிர்பெட்டியில் போட்டுவைத்த குழாய்கள், ஊரெல்லாம் வெள்ளம் வந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, உருகி நாறிப்போயின. தப்பித்த ஒரு பிளேட்டிலிருந்து எடுத்து எடுத்து வளர்த்து வந்ததுதான் இப்போது இருப்பது. தாய்ப்பிளேட்டிலும் பூஞ்சை ஏறி அதை அவித்துக் கொட்டிய பிறகு, மிச்சம் மூன்று. உலகத்திலேயே மூன்று. அது இப்போது இன்குபேட்டரில் சுகமாக இருக்கிறது. அல்லது இந்தப் பானைக்குள் வெந்துகொண்டிருக்கிறது. காமாவுக்குச் சாகாதது ஆவிக்குச் செத்துவிடும். இட்லி மாதிரி.

அப்படியானால் எழுந்து போய் சுவிட்சை அணை. நாலு எட்டு வைத்தால் சுவிட்ச். அணைத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றி எடுத்துவிட்டால் ஆறும் கையில் இருக்கும். இன்னும் கொதிக்கக்கூட இல்லை, முனகல்தான். எழுந்திரு. அவள் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போனதாக ஒரு எண்ணம் வந்தது, பார்த்தால் மரக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது. அணைத்தால் என்ன ஆகும் என்று மனசு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றது. அணைத்தால் ஆறும் கையில் இருக்கும். எது எது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: ஆறையும் காமாவில் வைப்பது. வீட்டு அழுக்கு செத்துப்போகும், தேரிக் கிருமி பிழைத்துக்கொள்ளும். பிழைத்ததை எடுத்து சார் பெயரை வைத்து அனுப்பலாம். எவ்வளவு சுலபம்! ஆனால் ஆறும் பிழைத்தால்? அங்கேதான் மனசு, முள்ளில் சேலை மாட்டினமாதிரி, இழுக்க இழுக்கக் கிழிந்தது. ஆறும் பிழைத்தால் ரெண்டும் ஒன்று. ரெண்டும் ஒன்று என்றால், அவள் தேரியில் கண்டெடுத்தது தேரியில் இருந்ததே இல்லை. அவள் வீட்டு வாளியிலிருந்து, அவள் கையிலோ பையிலோ ஏறி தேரிக்குப் போய், அங்கேயிருந்து மகாராணி மாதிரி ஆய்வகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அன்று குழி தோண்டின கரண்டி எது? அடுக்களை எவர்சில்வர் கரண்டி. கிளம்புகிற அவசரத்தில் குளியலறைக் குழாயில் கழுவிப் பைக்குள் போட்டாள். அங்கே போய் ஸ்பிரிட் தடவி நெருப்பில் காட்டினாளா? காட்டியிருப்பாள். எல்லாக் குழிக்கும் காட்டுவாள். அந்தக் குழிக்கு? காற்று அடித்தது ஞாபகம் இருக்கிறது, தீக்குச்சி அணைந்து அணைந்து போனது ஞாபகம் இருக்கிறது, பால்துரை முதுகைக் காட்டிக் காற்றை மறைத்து நின்றது ஞாபகம் இருக்கிறது. குச்சி பற்றியதா? அது மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் சிவப்புதான் தெரிகிறது, வெயிலில் கண்ணை மூடினால் தெரிகிற சிவப்பு. இந்த வாரம் பல் தேய்க்கும்போது வாளியின் உள்விளிம்பில் அந்த ரோஸ் கோட்டைப் பார்த்தவரை இதெல்லாம் ஒரு கேள்வியாகவே இல்லை. எத்தனை வருஷமாக அந்தக் கோடு அங்கே இருக்கிறதோ. எல்லார் வீட்டு வாளியிலும்தான் இருக்கிறது. தேய்த்தால் போகும், ஒரு வாரத்தில் வரும். ஆனால் அன்றைக்கு, பிரஷ் வாயில் இருக்க, நுரை முழங்கையில் வழிய, அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பால்துரை வெளியே கதவைத் தட்டி, உள்ள தூங்கிட்டியா என்று கேட்டான்.

ஆக, அணைக்காமல் இருந்தால்? அணைக்காமல் இருந்தால் மூன்று வெந்துபோகும், மூன்று மிஞ்சும். மிஞ்சினதன் மூடியில் ‘தேரி’ என்று எழுதியிருக்கும். அதைப் பொட்டலம் கட்டினால் கூரியர்காரன் வாங்கிக்கொள்வான், சார் பெயர் நிலைக்கும், விழாவில் சால்வை போர்த்துவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்பு இருக்காது. யாரும் யாரிடமும் பொய் சொல்லவேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும். இதை இவ்வளவு துலக்கமாக அவள் நினைக்கவில்லை. நினைப்பதற்கு முந்தின இடத்தில் நின்று அது அவளை உட்காரவைத்திருந்தது. நினைத்தது வேறு. சாயங்காலம் பிள்ளையை டியூஷனிலிருந்து கூப்பிடவேண்டும் என்று நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காக்கை ஒரு கம்பியை வளைக்கப் பார்க்கிறது என்று நினைத்தாள். இன்குபேட்டரைத் திறந்து மறுபடி பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நினைத்தாள். எழுந்து போய்த் திறந்தும் பார்த்தாள். மூன்று ரோஸ். தேரிதான் இது, இந்தப் பளபளப்பு தேரிதான். அடுத்த நிமிஷமே, இல்லை, இதுதான் வாளி, வாளிக்குத்தான் ஓரம் இப்படி வழவழப்பாக இருக்கும். வாளியில் எங்கே ஓரத்தைப் பார்த்தாள்? கதவை மூடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சுவிட்சைத் தாண்டித்தான் போனாள், தாண்டித்தான் வந்தாள். கை அதைத் தொடவில்லை. அது சந்தேகத்தால் தொடவில்லையா, வேண்டுமென்றே தொடவில்லையா என்ற கேள்வி வந்ததும் அவளுக்குப் பயமாகிவிட்டது. மூடியை மாற்றிப் போட்டதுகூட போன் அடித்ததாலா, அல்லது அந்தக் கைக்கு வேறு ஏதாவது உத்தேசம் இருந்ததா? தன் கையைப் பார்த்தே ஒருத்தி பயப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டது நிலைமை. முனகல் இப்போது இரைச்சலாக மாறியிருந்தது. மேல் துவாரத்திலிருந்து ஆவி நூல் மாதிரி வர ஆரம்பித்தது. நூல் கயிறாகும்வரை விட்டு, உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போனபிறகு துவாரத்தை மூடவேண்டும். அதற்கப்புறம் முள் ஏறும்.

போன் அடித்தது. பால்துரை. கடையில் மதியம் ஆள் வராது, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து இப்படித்தான் யாரையாவது கூப்பிடுவான். ஆனால் இன்று வீட்டிலிருந்து பேசினான்.

“கனி, ஒரு காரியம் செஞ்சிருக்கேன். நீ வந்து பாத்தா சந்தோசப்படுவ.”

“என்ன?”

“அந்த பாத்ரூம் வாளிய தேய்ச்சுப் போட்டேன்லா. கடையிலேருந்து ஆசிட் கொண்டாந்து, ஊத்தி, பிரஷ் போட்டு, பளிச்சுன்னு ஆக்கிட்டேன். கப்பு, ஸ்டூலு, குழாயடி எல்லாம். நாலஞ்சு நாளா நீ அதையே பாத்துக்கிட்டு நின்னியே, எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிட்டு.”

“எதுக்கு அதைத் தொட்டிய?” என்றாள்.

“ஏன், தொடக்கூடாதா? அழுக்குதான?” பால்துரையின் குரல் சுருங்கியது. பாராட்டுக்கு நின்றவன் திட்டு வாங்கினால் வருகிற குரல். “அது சாதாரண அழுக்கு இல்ல கேட்டியா. ஆசிட் ஊத்தியும் செவப்பு சீக்கிரம் விடல. நீ தேரிக்குப் போய்ட்டு வந்து போட்டது போட்டபடி பேன்ட்டு, துப்பட்டா, சாக்ஸு எல்லாத்தையும் அந்த வாளியிலதான ஊறப்போடுவ. வருசக்கணக்கா அந்த மண்ணு எல்லாம் அதுலதான அடைஞ்சு கெடக்கு. அடியில கைய விட்டா இன்னைக்கும் நறநறங்குது. வேற வாளி வாங்குவோம்னா, உனக்கு ராசியான வாளிம்ப.”

போனைக் காதில் வைத்தபடியே அவள் எழுந்து நின்றுவிட்டாள். தேரியிலிருந்து வந்த துணி. அந்த வாளி. எப்படி அவளுக்குத் தோன்றாமல் போயிற்று? வாளியிலிருந்து தேரிக்குப் போயிருக்குமோ, போயிருக்குமோ என்று இந்த ஒரு வாரமாகக் கிடந்து வெந்தவளுக்கு, தேரியிலிருந்து வாளிக்கு வந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ரெண்டும் ஒன்று என்றால் அவமானம் என்று நினைத்தாள். ரெண்டும் ஒன்று என்றால், மேட்டைச் சமமாக்கி முள்வேலி போட்டவனுக்குத் தெரியாமல், தேரி அவள் வீட்டுக் குளியலறையில் வந்து குடியிருந்தது என்றும் அர்த்தம். பல் தேய்க்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தது என்றும் அர்த்தம். காய்ந்தாலும் சாகாதது, சோப்புத் தண்ணீருக்கா சாகும்? சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, வந்த வேகத்திலேயே, ஆசிட் ஊத்தி என்று அவன் சொன்னது திரும்பக் கேட்டது. வாளி போயிற்று; தேய்த்தால் திரும்ப வருவது ஆசிட்டுக்கு வராது. மேடு போயிற்று. கயிறாக ஆவி வந்துகொண்டிருந்தது. “அப்புறம் பேசுதேன்” என்று போனை வைத்துவிட்டு, நாலு எட்டில் போய் சுவிட்சை அணைத்தாள்.

அணைத்தால் உடனே ஆறிவிடுமா? துவாரத்திலிருந்து ஆவி சீறிக்கொண்டே இருந்தது. கைக்குட்டையைச் சுற்றி முதல் திருகைத் தொட்டாள், சுட்டது. சேலை முந்தானையை நாலாக மடித்துப் பிடித்து முறுக்கினாள். ஒவ்வொரு திருகும் ஏதோ பழைய பகை இருக்கிறமாதிரி அடம்பிடித்தது. மூடியைத் தூக்கினபோது முகம் முழுக்க ஆவி அடித்து, மூக்குக்கண்ணாடி வெளுத்து, ஒன்றும் தெரியவில்லை. தடவி எடுத்தாள். செய்தித்தாள் நனைந்து கையோடு வந்தது. மேசையில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மூன்று பிளேட்டிலும் கிருமி வளர்ந்த அகார் கூழ் உருகி, கலங்கின ஒரு ரோஸ் தண்ணீராக, சிறுபிள்ளை கலக்கிக்கொடுத்த சர்பத் மாதிரி நின்றது. எது என்று கேட்டால் பதில் சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் புது பிளேட்டு ஒன்றை எடுத்து, குச்சி பற்றியதை இந்த முறை கண்ணால் பார்த்து, கம்பியை நெருப்பில் காட்டி, அந்தத் தண்ணீரில் ஒரு துளி தொட்டு இழுத்தாள். முளைக்காது. முளைக்காது என்று தெரிந்துதான் இழுத்தாள். இன்குபேட்டரில் இருக்கிற மூன்றையும் காமாவில் வைக்கலாம். பிழைத்தால், தேரி என்று சொல்லலாமா? வாளியும் பிழைக்கிற ஜாதியாக இருந்தால்? வாளியில் இருந்தது தேரியின் ஜாதிதானா? மரபு இழையைப் படித்தாலும் எது எங்கிருந்து எங்கே போனது என்று அது சொல்லாது. கேட்க வாளி இல்லை. கேட்க மேடு இல்லை. இனி எப்போதும் யாருக்கும் தெரியப்போவதில்லை. உட்கார்ந்திருந்தாளே, அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாளே, முனகின நேரத்திலேயே எழுந்திருந்தால் ஆறும் இருந்திருக்கும். அழுகை அப்போதுதான் வந்தது, சத்தமாக, ஆளில்லாத கட்டடத்தில் எதிரொலிக்கிற அளவுக்கு.

முகத்தைக் கழுவிவிட்டு சாரைக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்தார்.

“கூரியர்காரன் வந்துட்டானா கனிம்மா?”

“சார், அவன வர வேண்டாம்னு சொல்லிருங்க.”

“ஏம்மா?”

“பிளேட்டு மாறிப் போச்சு சார். மூடியில எழுதிட்டேன். எங்க வீட்டு வாளியிலேருந்து ஒண்ணு எடுத்து வளத்தேன், அதுவும் அதே மாதிரி இருந்துச்சு. இப்ப ஒண்ணு வெந்துபோச்சு, ஒண்ணு இருக்கு. இருக்கிறது எதுன்னு எனக்குத் தெரியல சார். தேரியில எடுத்தது தேரியோடதுதானான்னும் தெரியல.” எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும், இவ்வளவு சின்னதா விஷயம் என்று அவளுக்கே இருந்தது.

அந்தப் பக்கம் அவர் உட்காருகிறார் போல, நாற்காலி கிறீச்சிட்டது.

“மூடியிலயா எழுதின?” என்றார்.

“ஆமா சார்.”

“நீயா?”

“ஆமா சார்.”

பிறகு, “தம்பிக்கிட்ட சொல்லிட்டேனே” என்றார் மெதுவாக, அவளிடம் இல்லை, தனக்குள். அந்தக் குரலை அவள் ஒருபோதும் கேட்டதில்லை. அது அவளை அறைந்தமாதிரி இருந்தது. “சரி, நான் அவனுக்குப் போன் போடுதேன். கூரியருக்கும் சொல்லிருதேன். நீ இருக்கிறத பத்திரமா வை.” வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருக்கிறதை இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். மூன்று மூடியிலும் அவள் கையெழுத்தில் தேரி, தேரி, தேரி. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மூன்றையும் அழித்தாள். நீலமாகக் கரைந்து பஞ்சில் ஏறியது. பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். அடித்தட்டின் வழியாக அந்த ரோஸ், வெளிச்சத்தைப் பார்த்து, எந்தச் சஞ்சலமும் இல்லாமல் இருந்தது. எங்கேயிருந்து எடுத்தது என்று அடியில் எழுதவேண்டும், அதுதான் முறை. மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். தேரியிலிருந்து வாளிக்குப் போயிருக்கட்டும், வாளியிலிருந்து தேரிக்குப் போயிருக்கட்டும், எந்த வழியாகப் போனாலும் அது ஏறிப்போன வண்டி ஒன்றுதான். அது மட்டும் நிச்சயம். மூன்றின் அடியிலும், ஓரமாக, சின்ன எழுத்தில், ‘கனி’ என்று எழுதினாள். மை காயும்வரை ஊதிவிட்டு, கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். டியூஷன் விடுகிற நேரமாகியிருந்தது.